மைத்ரில குளிர்காலம் தங்கி வேலை பாத்தவங்க இருக்கீங்களா?

டீசல்காரன் அண்ணன்:
தம்பி ஜெனரேட்டர் மெக்கானிக், எட்டு வருஷ அனுபவம். அன்டார்டிகால இருக்குற நம்ம இந்தியாவோட மைத்ரி ஆராய்ச்சி ஸ்டேஷனுக்கு ஆள் எடுக்குறாங்கன்னு கோவால இருக்குற என்சிபிஓஆருக்கு (துருவ ஆராய்ச்சி மையம்) அப்ளை பண்ணியிருக்கான், கிடைச்சா ஒரு வருஷம் அங்கயேதான். அம்மா "பனில வெறச்சுப் போயிருவான்"னு ஒரே அழுகை. குளிர் தாங்குமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

பழைய பனிக்கரடி (அங்க கரடியே கெடையாது, பேரு சும்மா):
குளிரெல்லாம் பெரிய விஷயமே இல்ல, உள்ள ஹீட்டிங் ஓடுது சட்டையோட திரியலாம், வெளிய போனா அதுக்குன்னு டிரஸ் குடுப்பாங்க. இருட்டுதான் ஆள சாய்க்கும். மே கடைசில போற சூரியன் ஜூலை கடைசிலதான் எட்டிப் பாக்கும், நடுவுல தூக்கம் கெட்டு ராத்திரி மூணு மணிக்கு நாலு பேர் கிச்சன்ல டீ போட்டுட்டு உக்காந்திருப்போம். சுமார் 25 பேரு, அதே மூஞ்சி, அதே ஜோக்கு, ஒருத்தன் ஸ்பூன் தட்டுற சத்தமே எரிச்சலா வரும். ஆனா தம்பி வேலைக்கு அங்க தனி மரியாதை. ஜெனரேட்டர் நின்னா லைட்டு மட்டுமா போகும், சூடும் போச்சு, பிரியதர்ஷினி ஏரில இருந்து தண்ணி வர்ற பைப்பும் உறைஞ்சிரும். பாத்திரம் கழுவுற முறை மட்டும் டாக்டர் சயின்டிஸ்ட்னு பாக்காம எல்லாருக்கும் வரும்.

லார்ஸ்மேன்:
நான் பாரதில (அன்டார்டிகாலயே இந்தியாவோட இன்னொரு ஸ்டேஷன்) சம்மர் மட்டும் இருந்தேன். அது 2012ல வந்தது, 134 கன்டெய்னர வச்சு கட்டினது, வசதி ஜாஸ்தி. மைத்ரி 1989, கொஞ்சம் பழசு. எங்க இருந்தாலும் பயப்பட வேண்டியது தீக்குதான், காத்து அவ்ளோ வறட்சி. அப்புறம் சொத்தைப் பல் இருந்தா கெளம்புறதுக்கு முன்னாடியே புடுங்கிரச் சொல்லுங்க, அங்க போயி பல்வலி வந்தா நரகம். எய்ம்ஸ்ல மெடிக்கல், உத்தரகாண்ட் ஔலில பனி ட்ரெய்னிங், இது ரெண்டும் தாண்டணும்.

காத்திருந்தவ:
எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் இருந்துட்டு வந்தார். யாரும் சொல்லாதத நான் சொல்றேன். மார்ச் வாக்குல கப்பல் கெளம்பிட்டா நவம்பர் வரைக்கும் வர வழியில்ல. அந்த வருஷம் எங்க மாமனார் தவறிட்டாங்க, கொள்ளி வச்சது மச்சினர், இவர் போன்ல அழுதார், அவ்ளோதான். அம்மாகிட்ட குளிர விட்டுட்டு இத பேசுங்க.

டீசல்காரன் அண்ணன்:
எல்லாருக்கும் நன்றிங்க. தம்பிக்கு கடவாப்பல் ஒண்ணு சொத்தைதான், நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். அக்கா சொன்னத அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அப்பாவுக்கு 74 ஆகுது.