அடைத்த ஜன்னல் எல்லாம் வரிக்குப் பயந்து அடைத்ததா?

சுண்ணாம்புச்சாந்து: "லண்டன் சதுக்கங்களில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ஜார்ஜியன் வீடுகளில் அடைபட்டிருக்கும் ஜன்னல் ஒவ்வொன்றும், ஜன்னல்களை எண்ணிப் போட்ட ஜன்னல் வரியால் அடைத்தது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். எத்தனை தடவைதான் இதைப் படிப்பது! மூலை வீட்டின் பக்கச் சுவருக்குள் கணப்பின் புகைக்கூண்டு ஏறும். அங்கே ஜன்னல் திறக்க முடியாது. வரிசை கெடக் கூடாதென்று அரைச் செங்கல், அதாவது நாலரை அங்குலம், உள்வாங்கிப் பொய் ஜன்னல் கட்டினார்கள்.

வரலாற்றுப்பித்தன்: எழுதியது நான்தான். வரி வந்தது 1696, எடுத்தது 1851. லண்டனின் பெட்ஃபோர்டு சதுக்கம் கட்டத் தொடங்கியது 1775. அப்போதே வரிக்கு 79 வயது. தெரிந்தேதான் அடைத்துக் கட்டினார்கள்.

சுண்ணாம்புச்சாந்து: கல்லும் கல்லும் சேரும் மூட்டைப் பாருங்கள் ஐயா. பிறகு அடைத்ததென்றால் ஜன்னல் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக மூட்டு ஓடும். புதுக் கல் பழைய ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், பிணையாது. கட்டும்போதே பொய் ஜன்னலாக விட்டதென்றால் பின்சுவர்க் கல் ஓரத்துக்குப் பின்னால் நுழைந்து பிணைந்திருக்கும். உள்ளே ஜன்னலை மூடும் மடக்குக் கதவுப் பெட்டி இருந்தால் அது ஒரு காலத்தில் நிஜ ஜன்னல். வெறும் பூச்சும் கணப்பும் என்றால் பிறவிக் குருடு.

வரலாற்றுப்பித்தன்: பிறவியிலேயே குருடாக்கியதும் வரிக்காகத்தானே?

இழைப்புளி: நடுவில் ஒன்று. நீங்கள் சான்றாகப் போட்ட படத்தில் ஜன்னலின் மேல் சட்டத்தின் கீழ்மூலையில் கொம்பு மாதிரி மரத்துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜியன் சாஷில், அதாவது மேலும் கீழும் நகரும் ஜன்னலில், கொம்பு ஏது? பெரிய கனத்த கண்ணாடி வந்தபின் மூலை இணைப்பு விட்டுப்போகாமலிருக்க விக்டோரியா காலத்தில் வைத்தது அது.

வரலாற்றுப்பித்தன்: பேச்சு கொம்பைப் பற்றியல்ல.

இழைப்புளி: படம் உங்களுடையது.

சுண்ணாம்புச்சாந்து: வரியை மிச்சம் பிடிக்கிறவன் மொட்டைச் சுவர் எழுப்பியிருப்பான். தேய்த்துச் சீவிய கல்லில் மேல்வளைவு, கீழே கல்படி என்று பொய் ஜன்னலுக்குக் காசைக் கொட்டுவானா? இன்னொன்று, மூட்டே தெரியாதபடி சிமெண்டு பூசிவிடுகிறார்கள். ஈரம் சாந்து வழியாக வெளியேற வழியில்லாமல் கல் வழியாக வரும். உறைபனியில் கல்லின் முகம் உரிந்து விழும். அங்கே சுண்ணாம்புதான் போட வேண்டும்.

வரலாற்றுப்பித்தன்: போன மாதம் சிமெண்டுச் சண்டையிலும் இதே பாட்டு. எல்லா மூட்டையும் நீங்களே அடுக்கியது போல!

செங்கல்சூளை: வரிசை வரிசை என்கிறாரே, பெட்ஃபோர்டு சதுக்கத்தின் வடக்குப் பக்க நடுவில் சுவரோடு ஒட்டிய ஐந்து அரைத்தூண். முக்கோண முகட்டின் உச்சிக்கு நேர்கீழே ஒரு தூண்! கட்டடக்கலை இலக்கணப்படி அங்கே இடைவெளிதான் வர வேண்டும்.

சுண்ணாம்புச்சாந்து: நடுவில் இருப்பது இரண்டு வீடு. நடுத்தூண் நிற்பது பொதுச்சுவருக்கு நேராக. இரண்டு பக்கமும் சரிசமம். இலக்கணம் போனாலும் வரிசை போகக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

செங்கல்சூளை: தப்பைச் சான்றாக்கும் வித்தை.

வரலாற்றுப்பித்தன்: 1696. அதை இன்னும் யாரும் மறுக்கவில்லை.

சுண்ணாம்புச்சாந்து: யார் மறுத்தது? மூட்டைப் பாருங்கள்.