கீமோவும் கைகால் மதமதப்பும்: ஆத்தாவோடு இருந்து அறிந்தவை

கீமோவால் வரும் கைகால் மதமதப்பைச் சத்துக்குறைவு என்று எண்ணி, அடுத்த கீமோ வரை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பவர்களை எங்கள் காரைக்குடி உறவிலேயே பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

பெருங்குடல் புற்றுநோய்க்காக ஆத்தாவுக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற பிளாட்டினம் கலந்த கீமோ மருந்தை ஏற்றினார்கள். ஏற்றிய அன்று மாலையே, ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் அவர்களால் வெறுங்காலை வைக்க முடியவில்லை. பானைத் தண்ணீர் தொண்டையை இறுக்கிப் பிடித்தது. இம்மருந்து உணர்வு நரம்புகளில் தூண்டலை உண்டாக்கும் சோடியம் வாயில்களைக் குலைப்பதால், குளிர்ச்சி பட்டதும் அவை அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன என்று மருத்துவர் விளக்கினார். அது சில நாட்களில் அடங்கியது. ஆனால் சுற்றுகள் ஏற ஏற, கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடையும்போது பனையோலை விரலிடுக்கில் இருக்கிறதா என்பதே ஆத்தாவுக்குத் தெரியாமல் போயிற்று.

பிடி வலு குறையவில்லை, தொடுகை மட்டும் போயிற்று என்பதுதான் எனக்குப் பெரும் புதிராக இருந்தது. தசையை இயக்கும் நரம்புச் செல்களின் உடல் முதுகுத்தண்டுக்குள் காப்போடு இருக்க, உணர்வுச் செல்களின் உடலோ தண்டுக்கு வெளியே, பக்கவாட்டு நரம்புமுடிச்சுகளில் இருக்கிறது. அங்குள்ள இரத்தக்குழாய்கள் மருந்தை எளிதில் உள்ளே விட்டுவிடுவதால், பிளாட்டினம் அச்செல்களில் தேங்கி அவற்றின் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பேக்லிடாக்செலும், நம் செம்மண்ணில் தானாகப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டினும் வேறு வழியில் தாக்குகின்றன: நரம்பிழைக்குள் சரக்கு போகும் தண்டவாளம் போன்ற நுண்குழல்களை முன்னது இறுக்கி விறைக்க வைக்கிறது, பின்னது உருவாகவிடாமல் தடுக்கிறது. இடுப்புப் பகுதியிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீளும் இழைகளே முதலில் நலிகின்றன. பாதத்தில் பெரும்பாலும் முதலில் தொடங்குவது அதனால்தான்.

ஓலை தெரியாததைச் சொன்னவுடன் மருத்துவர் ஆக்சாலிபிளாட்டினை நிறுத்தி, உடன் கொடுத்த மற்ற மருந்தை மட்டும் தொடர்ந்தார். சேதம் மொத்த அளவோடு கூடிக்கொண்டே போவதால் இதைக் காலத்தில் சொல்வது மிக முக்கியம். தாமாக மருந்தை நிறுத்துவதோ வைட்டமின் மாத்திரைகளை நம்பியிருப்பதோ சரியல்ல என்று உறுதியாகச் சொல்வேன். நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மதமதப்பு கூடியது. பிளாட்டின மருந்துகளில் இது வழக்கம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் கலங்கவில்லை. எரிச்சலுக்கு டுலோக்செட்டின் ஓரளவு உதவியது, ஆனால் போன உணர்வை அது மீட்டுத் தரவில்லை.

இப்போது விரல்கள் பெரும்பாலும் தேறிவிட்டன, பாதம் இன்னும் தேறவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்பு அணிகிறார்கள். வெந்நீரின் சூட்டை நான் கைவைத்துப் பார்த்த பிறகே குளிக்கிறார்கள். இரவில் உள்ளங்காலில் காயமோ கொப்புளமோ இருக்கிறதா என்று விளக்கடியில் பார்த்துவிடுகிறேன்.