மன்னர் மனசு வைத்தால் விட்டுவிடுவாரா? சவூதியில் அரச ஆணை எதுவரை போகும் (அனுபவப் பகிர்வு)

ரியாத், நீதிமன்ற மொழிபெயர்ப்பு

"அங்கே ராஜா ஆட்சிதானே, அவர் மனசு வைத்தால் விட மாட்டாரா?" சிறையில் இருப்பவரின் ஊரிலிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். சில வழக்குகளில் விடுவார். கொலை வழக்கில் அவராலும் முடியாது. இது தெரியாமல் மன்னருக்கு மனு மேல் மனு போட்டுக் காத்திருந்து, செய்ய வேண்டிய வேலையைக் கோட்டைவிடும் குடும்பங்கள் நிறைய. அதனால்தான் இந்தத் திரி.

தீர்ப்பு நகலில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ஹக் ஆம் என்றால் பொது உரிமை, அரசுக்குரியது. ஹக் ஹாஸ் என்றால் தனி உரிமை, பாதிக்கப்பட்டவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது. ரமலானில் வரும் அரச மன்னிப்பு முதலாவதை மட்டுமே தொடும். கடன், விபத்து இழப்பீடு, கிஸாஸ் (கொலைக்கு ஈடாக உயிர் கேட்கும் உரிமை) எல்லாம் இரண்டாவதில் அடங்கும். மன்னிப்பு அறிவித்த பிறகும் ஒருவர் உள்ளேயே இருக்கிறார் என்றால், முதலில் ஹக் ஹாஸ் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

மரண தண்டனையை நிறைவேற்ற மன்னரின் ஆணை கட்டாயம். முதல் நிலை நீதிமன்றம், மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் மூன்றையும் தாண்டித்தான் கோப்பு அங்கே போகும். மன்னர் தரப்பு வாரிசுகளிடம் சமரசம் பேசலாம், தியத் (உயிருக்கு ஈடான இழப்பீடு) பணத்தைத் தானே கொடுக்கலாம். வாரிசின் இடத்தில் நின்று "மன்னித்தேன்" என்று மட்டும் சொல்ல முடியாது.

தம்மாம், சமூகப் பணி

மேலே ரியாத் பாய் சொன்னதன் நடைமுறைப் பக்கம் இது. கிஸாஸ் விலக, வயது வந்த வாரிசுகளில் ஒருவர் மன்னித்தாலே போதும். வாரிசுகளில் குழந்தை இருந்தால் அது வயதுக்கு வரும்வரை வழக்கு அப்படியே நிற்கும். பத்து, பதினைந்து வருடம் உள்ளே இருப்பவர்களில் இப்படிச் சிக்கியவர்களும் உண்டு.

2011ல் அரச ஆணைப்படி தியத் தொகை தவறுதலான மரணத்துக்கு 3 லட்சம் ரியால், வேண்டுமென்றே செய்த கொலைக்கு 4 லட்சம் ரியால் என உயர்ந்தது. ஆனால் கிஸாஸை விட்டுக்கொடுக்க வாரிசுகள் கேட்கும் சமரசத் தொகைக்கு இது வரம்பு அல்ல, கோடி ரியாலைத் தாண்டியும் போகும். பணம் கட்டிய மறுநாளே விமானம் ஏறலாம் என்றும் நினைக்காதீர்கள். ஹக் ஆமுக்குத் தனியாகச் சிறைத் தண்டனை வரும். மன்னரிடம் மனு போட வேண்டிய கட்டம் அதுதான்.

இறந்தவர் நம்ம ஊர்க்காரர் என்றால் வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடம் வாங்கி, சென்னையில் மாநில அரசின் மேலொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை), அதன்பின் அரபு மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் பெயரில்தான் மாட்டும். சான்றிதழில் "மு. செல்வம்", பாஸ்போர்ட்டில் "செல்வம் முருகன்" என்று இருந்தால் அரபு எழுத்தில் அவர்கள் இரண்டு ஆட்கள். சான்றிதழ் வாங்கும்போதே இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

ஜித்தா, வரலாறு

எல்லா அதிகாரமும் உள்ள மன்னருக்கு இந்த ஒரு இடத்தில் ஏன் கை கட்டு? அரசு உருவான விதத்திலேயே பதில் இருக்கிறது. 1744ல் ரியாத் அருகே திர்இய்யாவில் அதன் ஆட்சியாளர் முஹம்மது இப்னு சவூதும் மார்க்க அறிஞர் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி வாள் அரசனிடம், மார்க்கத் தீர்ப்பு ஆலிம்கள் என்னும் மார்க்க அறிஞர்களிடம். அந்த முதல் அரசை 1818ல் எகிப்திலிருந்து வந்த இப்ராஹீம் பாஷாவின் படை அழித்தது. இரண்டாவது 1891ல் முடிந்தது. 1902ல் ரியாத்தைப் பிடித்த அப்துல் அஸீஸ் 1932ல் இன்றைய நாட்டை அறிவித்தார். மூன்று முறையும் ஏற்பாடு ஒன்றுதான்: சட்டம் இறைவனுடையது, அதை நிலைநாட்டுவது அரசனின் வேலை. அதனால்தான் அங்கே மன்னர் போடும் சட்டத்தை "கானூன்" (சட்டம்) என்று சொல்லாமல் "நிளாம்" என்கிறார்கள், அதாவது ஒழுங்குமுறை.

ஆலிம்களின் ஒப்புதல் வெறும் சடங்கு என்பவர்கள் 1964ஐப் பார்க்க வேண்டும். மன்னர் சவூதை அரச குடும்பம் இறக்கியபோது ஆலிம்களின் ஃபத்வாவோடுதான் இறக்கியது. 1979 நவம்பரில் மக்கா ஹரம் பள்ளியை ஆயுதக் கும்பல் பிடித்தபோதும், உள்ளே ஆயுதம் எடுக்க ஃபத்வா கேட்க வேண்டியிருந்தது.

இப்போது தராசு மன்னர் பக்கம் சாய்கிறது. பட்டத்து இளவரசர் 2021ல் அறிவித்த நான்கு சட்டத் தொகுப்புகளில் சாட்சியம், குடும்பம், உரிமையியல் மூன்றும் 2023க்குள் வந்துவிட்டன. முன்பு காழி (நீதிபதி) ஹன்பலி மத்ஹபின் சட்ட நூல்களைப் பார்த்துத் தானே தீர்மானித்ததை இப்போது எண்ணிட்ட பிரிவுகள் தீர்மானிக்கின்றன. என் பார்வையில் 2017ல் பட்டத்து இளவரசர் மாறியதைவிட இது ஆழமான மாற்றம். ஆனால் கிஸாஸில் வாரிசின் உரிமை அப்படியே இருக்கிறது.

ரியாத், நீதிமன்ற மொழிபெயர்ப்பு

அரச ஆணை என்று வாட்ஸாப்பில் சுற்றும் தாள்கள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எண்ணைப் பாருங்கள். அலிஃப் எழுத்தில் தொடங்கினால் அம்ர் மலகி, மன்னர் நேரடியாகப் போடுவது. 1992ன் அடிப்படைச் சட்டம் அப்படித்தான் வந்தது, எண் அலிஃப்/90. மீம் எழுத்து என்றால் மர்சூம் மலகி. நிளாம்கள் வருவது இந்த வழியில், அமைச்சரவை முடிவோடு. 2005ன் தொழிலாளர் சட்டம் மீம்/51. இரண்டும் உம்முல் குரா அரசிதழில் வெளியாகும். எண்ணும் ஹிஜ்ரி தேதியும் அங்கே பொருந்தவில்லை என்றால் அந்தத் தாளை நம்பி ஒரு ரியால்கூடக் கொடுக்காதீர்கள்.

மனு எழுதுபவர்களுக்கு: அடிப்படைச் சட்டம் 43ம் பிரிவு, மன்னர், பட்டத்து இளவரசர் இருவரின் மஜ்லிஸும் (அவை) முறையீடு உள்ள எவருக்கும் திறந்தது என்கிறது. மனுவை மஃரூள் என்பார்கள். ஒரு பக்கம் போதும். பெயர், இக்காமா (வசிப்பு அனுமதி) எண், வழக்கு எண், சிறையின் பெயர், தண்டனையில் கழிந்த காலம், தனாஸுல் என்னும் வாரிசின் விடுதலைப் பத்திர நகல், கடைசியில் ஒரே கோரிக்கை. கண்ணீர்க் கதை மூன்று பக்கம் எழுதி வழக்கு எண்ணை விட்டுவிட்டால், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்ப அவர்களிடம் எதுவுமே இருக்காது. கொடுத்ததும் முஆமலா (கோப்பு) எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு போய் விசாரிக்க அது ஒன்றுதான் பிடி.