32ஜி எச்பிஏ: ஒரு போர்ட்டில் லிங்க் வரவில்லை, வந்த போர்ட்டிலும் லன் தெரியவில்லை

இரவுப்பணி:
வணக்கம் நண்பர்களே. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு சின்ன டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்த சர்வரில் சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் இரண்டு போர்ட் எமுலெக்ஸ் 32ஜி ஃபைபர் சேனல் கார்டு (எச்பிஏ), ராக்கி லினக்ஸ் 9. ஒவ்வொரு போர்ட்டும் ஒரு புரோகேட் 8ஜி ஸ்விட்சுக்குப் போகிறது, ஃபேப்ரிக் ஏ, ஃபேப்ரிக் பி என்று இரண்டு தனித்தனி ஸ்டோரேஜ் வலைகளாக. ஏ பக்கம் விளக்கு எரிகிறது. பி பக்கம் ஒன்றும் இல்லை, லினக்ஸில் பார்த்தால் 'லிங்க்டவுன்'. கேபிளை மாற்றியாயிற்று. குழப்பம் என்னவென்றால், அதே கேபிளைப் பழைய சர்வரின் 8ஜி கார்டில் செருகினால் அதே ஸ்விட்ச் போர்ட்டில் உடனே லிங்க் வருகிறது. கார்டு தந்தவர்கள் கார்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஸ்விட்சைப் பார்த்துக்கொள்பவர்கள் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். லிங்க் இருக்கும் ஏ பக்கத்திலும் ஸ்டோரேஜ் டீம் ஒதுக்கிய லன் (சர்வருக்கு டிஸ்க்காகத் தெரிய வேண்டிய ஸ்டோரேஜ் பகுதி) தெரியவில்லை, ரீபூட் செய்தும் அப்படியேதான். டிரைவரை மாற்றிப் பார்க்கலாமா? சனிக்கிழமை இரவு டேட்டாபேஸை இதற்கு மாற்றியாக வேண்டும்.

ஒளியிழை:
டிரைவரைத் தொடவே தொடாதீர்கள். ஏ பக்கம் வேலை செய்வது அதே டிரைவரில்தானே.

பி பக்க ஸ்விட்சில் 'எஸ்எஃப்பிஷோ' போட்டு அந்த போர்ட் எண்ணைக் கொடுங்கள். போர்ட்டில் செருகியிருக்கும் ஒளி மாட்யூல் (எஸ்எஃப்பி) எந்தெந்த வேகத்துக்கு ஒத்துவரும் என்று ஒரு வரி வரும். 2, 4, 8 என்று இருந்தால் சரி. 1, 2, 4 என்று இருந்தால் அதுதான் காரணம். ஃபைபர் சேனல் கார்டுகள் பொதுவாகத் தன் வேகத்திலிருந்து இரண்டு தலைமுறை கீழே வரைதான் இறங்கும், 32ஜி என்றால் 32, 16, 8, அவ்வளவுதான். உங்கள் பழைய 8ஜி கார்டு 4க்கும் 2க்கும் இறங்கும், அதனால் 4ஜி மாட்யூலோடு பேசிவிடுகிறது. ஸ்விட்ச் 8ஜி என்று பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது, பழைய ஸ்விட்சுகளில் பாதி போர்ட்டில் 4ஜி மாட்யூல் செருகி வைத்திருப்பார்கள், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

மாற்று மாட்யூலுக்காக எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓடிவிடாதீர்கள். புரோகேட் ஸ்விட்ச் 8ஜியிலிருந்து தன் மாட்யூலைத்தான் ஏற்கும், வேறு எதையாவது செருகினால் 'மாட்_இன்வ்' என்று சொல்லி நின்றுவிடும். அதே ஸ்விட்சில் காலியாக இருக்கும் போர்ட்டிலிருந்து 8ஜி மாட்யூல் ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

மல்லேஸ்வரம்வாசி:
மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று. 8ஜி வேகத்தில் மட்டும் ஃபில்வேர்டு (தரவு போகாத நேரத்தில் லிங்க்கில் ஓடும் நிரப்புச் சொல்) என்று ஒரு தொல்லை உண்டு. சரியான மாட்யூல் போட்டும் லிங்க் வந்து வந்து போனால் 'போர்ட்சிஎஃப்ஜிஃபில்வேர்டு' கட்டளையில் அந்த போர்ட்டை 3க்கு மாற்றுங்கள். மாற்றும்போது போர்ட் ஒரு தடவை விழுந்து எழும்.

ஏ பக்கத்துக்கு வருகிறேன். லிங்க் இருந்தும் லன் இல்லை என்றால் நான் முதலில் பார்ப்பது ஸ்டோரேஜ் டீமுக்குப் போன எண்ணைத்தான். கார்டுக்கு நோட் பெயர், போர்ட் பெயர் என்று 16 இலக்கத்தில் இரண்டு எண்கள் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எமுலெக்ஸில் நோட் பெயர் 20:00 என்றும் போர்ட் பெயர் 10:00 என்றும் ஆரம்பிக்கும், கியூலாஜிக் என்றால் போர்ட் பெயர் 21:00. ஜோனிலும் (எந்த போர்ட் எதோடு பேசலாம் என்று ஸ்விட்சில் எழுதும் விதி) ஸ்டோரேஜின் ஹோஸ்ட் பட்டியலிலும் போர்ட் பெயர்தான் இருக்க வேண்டும். ஸ்டிக்கரைப் பார்த்து எழுத வேண்டாம். சிஸ் அடைவில் எஃப்சி_ஹோஸ்ட் கீழே 'போர்ட்_நேம்' என்ற கோப்பு இருக்கிறது, அதிலிருந்து நகலெடுத்து அனுப்புங்கள்.

ஜோன்காவலன்:
ஸ்விட்சில் கை வைக்கும் முன் இதைப் படியுங்கள், மற்ற சர்வர்களும் அதே ஃபேப்ரிக்கில்தான் ஓடுகின்றன என்பதால் சொல்கிறேன். 'சிஎஃப்ஜிஎனேபிள்' கட்டளை நீங்கள் பெயர் சொல்லும் கான்ஃபிகை, அதாவது ஜோன்களின் தொகுப்பை, முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவரும், அதில் இல்லாத ஜோன்கள் அந்த நொடியே போய்விடும். புதிதாகக் கான்ஃபிக் உருவாக்காமல், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகிலேயே 'சிஎஃப்ஜிஆட்' கொண்டு உங்கள் ஜோனைச் சேருங்கள், பிறகு எனேபிள் செய்யுங்கள். ஒரு ஜோனில் சர்வர் பக்கப் போர்ட் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏ ஃபேப்ரிக்கில் முடித்து, எல்லா சர்வரும் நலமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பி. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், தவறு நடந்தால் தாங்கிப் பிடிக்க மறுபக்கம் இருக்காது.

இரவுப்பணி:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். பி பக்க மாட்யூல் 1, 2, 4 என்றுதான் காட்டியது. காலி போர்ட்டிலிருந்து 8ஜி எடுத்துப் போட்டதும் லிங்க் வந்துவிட்டது, ஃபில்வேர்டு மாற்றத் தேவைப்படவில்லை. ஸ்டோரேஜ் பட்டியலில் 20:00 எண்தான் பதிவாகியிருந்தது, ஜோன் சரியாக இருந்தது. அதைத் திருத்தி 'ரீஸ்கேன்-ஸ்கசி-பஸ்' ஓட்டியதும் லன் வந்தது, ரீபூட் இல்லாமலே. ஆனால் ஒரே லன் நான்கு டிஸ்க்காகத் தெரிகிறது. இது சரிதானா?

ஒளியிழை:
சரிதான். இரண்டு போர்ட், ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலருக்கு, ஆக நான்கு வழி. 'எம்பாத்கான்ஃப்' கொண்டு மல்டிபாத்தை இயக்குங்கள், நான்கும் ஒரே எம்பாத் டிஸ்க்காகும். கோப்பு அமைப்பை அதன் மேல்தான் போட வேண்டும், தனி வழிகளாகத் தெரியும் எஸ்டிபி, எஸ்டிசி மேல் போடவே கூடாது. பெரும்பாலான ஸ்டோரேஜில் இரண்டு வழிக்கு முன்னுரிமை 50, மற்ற இரண்டுக்கு 10 என்று காட்டும், அதுவும் இயல்புதான்.

சனிக்கிழமைக்கு முன் ஒரு சோதனை. அந்த எம்பாத் டிஸ்க்கிலிருந்து 'டிடி' கட்டளை கொண்டு படித்துக்கொண்டே இருக்கட்டும், ஏ கேபிளை உருவுங்கள். சில நொடி நின்று மறுபடி ஓட வேண்டும், அறுந்த வழியைக் கைவிடும் நேரமான ஃபாஸ்ட்_ஐஓ_ஃபெயில், மாற்றாமல் விட்டால் 5 நொடி. திரும்பச் செருகி நான்கும் 'ஆக்டிவ் ரெடி' ஆகும் வரை காத்திருந்து, அப்புறம் பி கேபிள்.