மறுமொழி: பாட்டைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் கருவி – 'சிறுபரப்பி'?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கையேடு மொழிபெயர்க்கும் நண்பர் காரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டார். மூன்று நாளில் ஆறு சொற்கள் வந்துவிட்டன. ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் சில சொற்கள் அந்தக் கருவி செய்யும் வேலையையே மாற்றிச் சொல்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

> பாட்டுக் கருவியையும் ரேடியோவையும் இணைப்பதால் 'வானொலி இணைப்பி' போதுமே? எவருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. இணைப்பு என்றால் இரு பக்கமும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். புளூடூத் அப்படித்தான்: இரண்டு கருவிகளும் முதலில் அடையாளம் கண்டுகொள்கின்றன, பிறகே பாட்டு போகிறது, அறிமுகமாகாத மூன்றாவது கருவிக்குப் பொதுவாக அதில் இடமில்லை. இங்கே நடப்பது வேறு. நம் கருவி ஐபாடிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ ஒலியை வாங்கி, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசையில் நாம் தேர்ந்த ஓர் அலையின்மேல் ஏற்றி, காற்றில் விட்டுவிடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. ரேடியோ எப்போதும்போல ஒரு நிலையத்தைப் பிடிக்கிறது. அந்த நிலையம் மலையுச்சிக் கோபுரத்தில் இருக்கிறதா, சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருக்கிறதா என்பது ரேடியோவுக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லை என்பதால்தான், எஃப்.எம். பிடிக்கும் எந்தப் பழைய வீட்டு ரேடியோவிலும் இது வேலை செய்கிறது.

எங்கள் வண்டியில் இந்தக் கருவி சில ஆண்டுகள் இருந்தது. சென்னைக்குள் காலியான எண் தேடுவதே பெரும்பாடு. 93.5, 98.3, 101.4, 106.4 என்று எங்கு நகர்த்தினாலும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒருநாள் மாலை தாம்பரத்தில் சிக்னலுக்காக நின்றிருந்தோம். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிசை சட்டென்று அறுந்து, ஸ்பீக்கரில் நாதஸ்வரம் முழங்கியது. அம்மா திடுக்கிட்டு, எங்கே கல்யாணம் என்று வெளியே எட்டிப் பார்த்தார். பக்கத்து வண்டியிலும் இதே கருவி, இதே எண். பச்சை விழுந்து அந்த வண்டி முன்னே போனதும் எங்கள் பாட்டு திரும்பி வந்தது.

இரண்டு பாட்டும் கலந்து கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மத்திய அலையில் (மீடியம் வேவ்) ஒரே எண்ணில் இரு நிலையங்கள் மோதினால் இரண்டும் குழம்பிக் கேட்கும். பண்பலை ஏற்பி, அதாவது எஃப்.எம். ரேடியோ, வலுவான அலையைப் பற்றிக்கொண்டு மெலிந்ததை விட்டுவிடும். அந்த ஒரு நிமிடம் தாம்பரம் சாலையில் இரண்டு வானொலி நிலையங்கள் போட்டியிட்டன, எங்களுடையது தோற்றது. இணைப்பியாக இருந்தால் இப்படி நடந்திருக்குமா?

சட்டமும் இதை ஒலிபரப்பாகவே பார்த்தது. பிரிட்டனில் 2006 டிசம்பர் 8 வரை உரிமமின்றி இதைப் பயன்படுத்துவது குற்றம். பிறகு 50 நானோவாட்டுக்கு மிகாமல் இருந்தால் சரி என்று விலக்கு கொடுத்தார்கள். 10 கிலோவாட் நிலையம் ஒன்றோடு ஒப்பிட்டால் அது 20,000 கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியது, ஆனாலும் பரப்பிதான், அதாவது டிரான்ஸ்மிட்டர்தான். இந்த இரண்டு செய்தியும், சிறியது என்பதும் பரப்புகிறது என்பதும், சொல்லுக்குள் வரவேண்டும்.

> 'சிற்றலைப் பரப்பி' எப்படி? சிறிய தூரத்துக்கு மட்டும் செல்லும் அலை.

மன்னிக்கவும், அந்த இடம் காலியாக இல்லை. சிற்றலை என்பது ஷார்ட் வேவுக்கு நெடுங்காலமாக வழங்கும் சொல். கடல் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் அலை அது. காருக்குள் அடங்கும் கருவிக்கு அதன் பெயரை வைத்தால், சிற்றலையில் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறை குழம்பிப்போகும்.

'பண்பேற்றி' (மாடுலேட்டர்) என்று ஒருவர் சொன்னதும் அறிவியல்படி பிழையில்லை. ஆனால் பண்பேற்றம், அதாவது ஒலியை அலையின்மேல் ஏற்றுவது, இக்கருவிக்குள் நடக்கும் ஒரு வேலை மட்டுமே; எல்லாப் பரப்பிகளுக்குள்ளும் ஒரு பண்பேற்றி இருக்கிறது. 'பண்ணலை' எனக்கு மிகவும் பிடித்தது. பண் இருக்கிறது, அலை இருக்கிறது, பண்பலையோடு ஓசையும் ஒத்துப்போகிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பேச்சில் அது 'பண்ணவில்லை' என்றே காதில் விழும். கடைக்காரரிடம் கேட்க முடியாத சொல் நிலைக்காது. வருத்தத்தோடுதான் விடுகிறேன்.

இடையில் ஒருவர், வீச்சுப் பண்பேற்றம் (ஏ.எம்.) செய்த அலையும் பண்பேறிய அலைதானே, எஃப்.எம்.முக்கு மட்டும் பண்பலை என்பது சரியா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பண்பலை என்றால் எஃப்.எம். என்று மக்களிடம் நிலைத்துவிட்டது. அதை இனி அசைக்க வேண்டாம். ஒரு நன்மையும் உண்டு: எஃப்.எம். என்பதில் உள்ள ஃபிரீக்வென்சியை நாம் அதிர்வெண் என்கிறோம், இலங்கையில் மீடிறன் என்கிறார்கள். பண்பலை என்று சொல்லும்போது அந்த வேறுபாடு எழுவதே இல்லை. பரப்பு என்ற வினையும் ஒலிபரப்பு வழியாக இரு கரைக்கும் பொது.

ஆக, 'பண்பலைப் பரப்பி' ஏறக்குறைய சரி. குறை ஒன்றுதான்: நிலையத்தின் பெரிய கருவிக்கும் அதே பெயர். "பண்பலைப் பரப்பியைத் துளையில் செருகவும்" என்று கையேட்டில் படித்தால் கோபுரம்தான் கண்முன் வருகிறது. சிறுமையைக் காட்ட 'குறும்பரப்பி' என்றார் ஒருவர். குறும்படம், குறுஞ்செய்தி வரிசையில் வருவதுதான், ஆனால் எழுத்தில் கண் முதலில் 'குறும்பர்' என்றே பிரிக்கிறது. மாறாக 'சிறு' தடையின்றி ஒட்டுகிறது: சிறுகதை, சிறுதொழில், சிறுபாணர். சங்ககாலத்தில் சீறியாழ் என்னும் சிறிய யாழைச் சுமந்து, போகிற ஊரிலெல்லாம் பாட்டை இறக்கிவைத்தவர்கள் சிறுபாணர்கள். கையோடு கொண்டுபோகும் இசைக்கு அந்த 'சிறு' பொருந்துவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

> 'பரப்பி' என்பது வினையெச்சம். "விரிப்பைப் பரப்பி வைத்தான்" என்பதோடு குழம்பாதா?

சுட்டி (மவுஸ்), வருடி (ஸ்கேனர்), உலாவி (பிரவுசர்) மூன்றும் வடிவில் வினையெச்சங்களே, ஆனாலும் பெயர்களாக நிலைத்துவிட்டன. வேற்றுமை உருபு ஏறியதும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் பரப்பி, ஏற்பி என்றே மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். 'சிறு பரப்பி' என்று இடம் விட்டால் சிக்கல் திரும்பிவிடும்.

என் முன்மொழிவு: முழுப்பெயர் 'பண்பலைச் சிறுபரப்பி', வழக்கில் 'சிறுபரப்பி'. கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியே பாட்டை வாங்கிப் பண்பலையில் விடும் இன்றைய வகைக்கு 'புளூடூத் சிறுபரப்பி' என்றால் போதும்.

நண்பர் கையேட்டில் இப்படி எழுதிப் பார்க்கலாம்: "சிறுபரப்பியைக் காரின் 12 வோல்ட் துளையில் செருகுங்கள். நிலையம் எதுவும் கேட்காத ஓர் எண்ணை ரேடியோவில் தேடுங்கள். அதே எண்ணைச் சிறுபரப்பியிலும் வையுங்கள். ஊர் மாறும்போது இரைச்சல் வந்தால் இரண்டிலும் எண்ணை மாற்றுங்கள்."

விக்சனரி என்னும் இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் யாழ்ப்பாணம், கொழும்பு நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே கடைகளில் இதை என்ன சொல்லி வாங்குகிறார்கள்? மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு தமிழ்ச்சொல் இருந்தால், என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்