டிராயரில் தூங்கும் பழைய போன்கள்

கேள்வி: மேசை டிராயரில் நான்கு பழைய போன்கள். ஒன்றில் அப்பாவின் குரல் பதிவு, அதன் பேட்டரி உப்பியிருக்கிறது. போன் பெட்டியைத் திறப்பதைக்கூட அழகாக வடிவமைக்கிறவர்கள், நாம் அந்தப் போனைக் கைவிடும் நாளை யோசிக்கவே மாட்டார்களா?

பதில் 1: முதலில் உப்பியதைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். தீப்பிடிக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் பேட்டரி மாற்றிப் பதிவை எடுங்கள்.

பதில் 2: 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாக மறுசுழற்சியானதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். சோம்பல் மட்டுமா காரணம்? பழைய போனை மறுசுழற்சிக்குக் கொடுக்கவிடாமல் என்னைத் தடுத்தது, 'அதிலிருந்த எல்லாம் அழிந்ததா' என்ற பயம். படங்களை நகலெடுத்து, கணக்கைத் துண்டித்து, அழித்ததற்குச் சான்று தரும் 'விடைபெறு' பொத்தான் ஒன்று இருந்திருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்.

கேட்டவர்: குரல் கிடைத்துவிட்டது! மூன்று போன்களைக் கொடுத்துவிட்டேன். அப்பா பேசிய போன் மட்டும் இன்னும் டிராயரில்தான்.