4கே வீடியோ எடிட்டிங்கில் திக்குது: புது டெஸ்க்டாப்புக்கு எந்தச் சாமான் வாங்குவது?

யீஷூன்வாசி:

வணக்கம். கல்யாணம், அரங்கேற்றம் வீடியோக்களை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் காசு கட்டும் ஸ்டூடியோ பதிப்பில் எடிட் பண்ண புதுசா ஒரு டெஸ்க்டாப் சேர்க்கணும்.

இப்போ இருப்பது ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 550 வாட் பவர் சப்ளை. சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்ற பதிவு வகை, 4கே 50பி, 200 எம்பிபிஎஸ் வைத்து எடுக்கிறோம். ஒரே ஒரு கிளிப்பை டைம்லைனில் போட்டாலே திக்கித் திக்கி ஓடுது. மூணு கேமரா காட்சியை ஒரே நேரத்தில் ஓடவிடும் மல்டிகேம் போட்டால் படம் அப்படியே நின்னுடுது.

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல்: ரைசன் 9 9900எக்ஸ், எக்ஸ்870 போர்டு, 16 ஜிபி ரேம் நாலு, ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர், 850 வாட் பவர் சப்ளை. என் பட்ஜெட் 2,000 வெள்ளி, பொருள் சேவை வரி சேர்த்து. பட்டியல் அதைத் தாண்டிப் போகுது. எதைக் குறைக்கலாம்? வீவக அடுக்குமாடி வீடு, வேலை செய்யும் அறையில் ஏர்கான் கிடையாது.

மின்தடம்:

குறைக்கிறதைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தப் பட்டியலை அப்படியே வாங்கினாலும் திக்கல் முழுசா நிக்காது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை பண்ணிப் பாருங்க.

முதலாவது, ஒரு கிளிப்பை மீடியாஇன்ஃபோவில் (கோப்பின் விவரம் காட்டும் செயலி) திறந்து மூணு வரியை மட்டும் படிங்க: ஃபார்மட், குரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரம் எவ்வளவு பதிவாகுது), பிட் டெப்த் (நிற நுணுக்கம்). ரெண்டாவது, ரிசால்வில் அந்தக் கிளிப்பை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை (கிராஃபிக்ஸ் கார்டை) தேர்ந்தெடுங்க. அங்கே ‘வீடியோ டிகோட்’ என்று ஒரு சின்ன வரைபடம் இருக்கும். அது எத்தனை சதவீதம் காட்டுது, அதே நேரம் சிபியு எத்தனை சதவீதம் ஓடுதுன்னு எழுதுங்க.

யீஷூன்வாசி:

ஃபார்மட் எச்இவிசி, குரோமா 4:2:2, பிட் டெப்த் 10. வீடியோ டிகோட் 0 சதவீதம். அசையவே இல்லை. சிபியு 97 முதல் 100 வரைக்கும் ஓடுது.

மின்தடம்:

அந்த 0 சதவீதம்தான் விஷயம்.

எச்இவிசிக்கு இன்னொரு பெயர் எச்.265. அது சுருக்கப்பட்ட கோப்பு. ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்துக் காட்ட ஜிபியுவுக்குள்ளே தனியா ஒரு சர்க்யூட் இருக்கு. ஆர்டிஎக்ஸ் 3060-இல் இருக்கும் அந்த சர்க்யூட்டுக்கு எச்.265-இல் 4:2:0 தெரியும், 4:4:4 கூடத் தெரியும், நடுவில் இருக்கும் 4:2:2 தெரியாது. 40 வரிசைக் கார்டுகளுக்கும் இதே கதைதான், 4070 சூப்பர் உட்பட. ஏஎம்டியின் ரேடியான் கார்டுகளும் ரைசனுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் இதற்கு உதவாது. அதனால மொத்த வேலையும் சிபியு தலையில் விழுது. 9900எக்ஸ் 12 கோர் என்பதால் ஒரு கிளிப்பை ஓரளவுக்குத் தாங்கும், மூணு கேமரா போட்டால் மறுபடியும் தடுமாறும். அதுவும் 160 வாட் சூட்டைக் கக்கிக்கிட்டே.

4:2:2 10 பிட் எச்.265-ஐ ஹார்ட்வேரில் விரிக்க டெஸ்க்டாப்பில் நடைமுறைக்கு ரெண்டு வழி. ஒண்ணு, இன்டெல் சிபியுவுக்குள் கிராஃபிக்ஸோடு சேர்ந்து வரும் வீடியோ சர்க்யூட், பெயர் குயிக் சிங்க். டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறையிலிருந்து அதற்கு 4:2:2 தெரியும். இன்னொண்ணு, என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசை. ரெண்டுக்குமே ரிசால்வ் ஸ்டூடியோ பதிப்பு வேணும். அது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

உங்க 3060-இல் 12 ஜிபி நினைவகம் இருக்கு. கலர் கிரேடிங்குக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கும் இன்னும் சில காலம் போதும். அதை அப்படியே வைத்துக்கிட்டு மற்றதை மாத்துங்க:

சிபியு கோர் அல்ட்ரா 5 245கே. 14 கோர், உச்சத்தில் 159 வாட். கடைக்காரர் 245கேஎஃப் கொடுத்தால் வாங்காதீங்க. ‘எஃப்’ எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, குயிக் சிங்கும் கிடையாது, நீங்க இந்தச் சிபியுவை வாங்கும் காரணமே போயிடும். சில பத்து வெள்ளி மிச்சம்னு சொல்லி அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவாங்க.

போர்டு பி860, எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் குறைந்தது மூணு. இசட்890 உங்களுக்கு வேண்டாம், ஓவர்கிளாக் பண்ணப் போறதில்லையே.

ரேம் டிடிஆர்5, ஒரே பெட்டியில் வரும் 24 ஜிபி ரெண்டு அல்லது 32 ஜிபி ரெண்டு. நாலு துண்டு வேண்டாம். டிடிஆர்5-இல் நாலு இடத்தையும் நிரப்பினால் வேகத்தைக் கீழே இறக்கினால்தான் நிலையா ஓடும். ‘இப்போ ரெண்டு, அப்புறம் ரெண்டு’ என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு, விண்டோஸுக்கும் ரிசால்வுக்கும். ஃபுட்டேஜுக்குத் தனியா 2 டிபி. 200 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 25 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. மூணு கேமரா நாலு மணி நேரம் ஓடினால் 1 டிபிக்கு மேலே போயிடும். ஃபுட்டேஜ் டிரைவ் டிஎல்சி வகையா (ஒரு செல்லில் 3 பிட்; கியூஎல்சி என்றால் 4) இருக்கட்டும். விலை குறைந்த கியூஎல்சி டிரைவ் முதல் கொஞ்ச நேரம் பறக்கும், கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்குக் கூட விழுந்திடும். இரவு நிகழ்ச்சி முடிந்து 600 ஜிபி காப்பி பண்ணும்போதுதான் அது தெரியவரும்.

குளிர்காற்று:

மின்தடம் சொன்ன காரணத்தை ஒப்புக்கிறேன், முடிவில் மட்டும் கொஞ்சம் வேறு பக்கம் நிக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி ஒண்ணு மட்டும் வாங்கி பழைய பி450-இல் போட்டால் என்ன? டிகோடிங் தீர்ந்திடும். 180 வாட்தான். 8 ஜிபி மாடலை மட்டும் தொடாதீங்க; 4கே டைம்லைனில் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் (பல ஃபிரேமை ஒப்பிட்டுப் புள்ளி இரைச்சலை நீக்குவது) போட்டவுடனே ஜிபியு நினைவகம் நிரம்பிடுச்சுன்னு ரிசால்வ் நின்னுடும். பழைய போர்டில் அது பிசிஐஇ 3.0, 8 லேனில், அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் பழைய, மெதுவான பாதையில் ஓடும். கொஞ்சம் வேகம் போகும், எடிட்டிங் நின்னுபோற அளவுக்கு இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. சில கேமராக்களில் எக்ஸ்ஏவிசி எஸ் வைத்தால் கோப்பு எச்.264 4:2:2 10 பிட்டா வரும். அதற்குக் குயிக் சிங்கை நம்ப வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ரெண்டையும் விரிக்கும்.

மின்தடம்:

எச்.264 பற்றிச் சொன்னது சரி. உங்க மூணு கேமராவும் எச்எஸ்-இல்தான் எடுக்குதான்னு முதலில் பாருங்க, யீஷூன்வாசி. வாடகைக் கேமரா, நண்பர் கேமரா கலந்து வரும்னா குளிர்காற்று சொன்ன வழிதான் பாதுகாப்பு. ஆனால் 3600-இன் 6 கோர்தான் ரிசால்வின் ஃபியூஷன் பக்கத்தில் செய்யும் டைட்டில்களையும் ஆடியோவையும் இழுக்கணும், 2019-ஆம் ஆண்டுச் சிபியு அது. 2,000 வெள்ளி கையில் இருக்கும்போது அடித்தளத்தை (சிபியு, போர்டு, ரேம்) மாத்துறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

யீஷூன்வாசி:

மூணும் எங்க கேமராதான், மூணும் எச்எஸ். அப்போ 245கே வழியில் போறேன். ரெண்டு கேள்வி. பழைய சாமான் விற்கும் கரோசெல் தளத்தில் இன்டெல் 14600கே நல்ல விலைக்கு வருது, அதிலும் குயிக் சிங்க் இருக்கே? பழைய 550 வாட் பவர் சப்ளையை வைத்துக்கலாமா?

மின்தடம்:

இருக்கு, நல்லாவே வேலை செய்யும். ஆனால் பயன்படுத்தியதை வாங்காதீங்க. 13, 14-ஆம் தலைமுறை சிபியுக்களில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி உள்ளேயே தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. இன்டெல் 2024 செப்டம்பரில் 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (பயாஸ் அப்டேட்டோடு வரும் சிபியு திருத்தம்) கொடுத்துச் சரி பண்ணியது. அது இனி தேயாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. முந்தைய ஆள் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணினாரா என்று சிபியுவைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பவர் சப்ளையை மாத்துங்க. கணக்கு இது: சிபியு 159, கார்டு 170, மற்றவை எல்லாம் சேர்த்து ஒரு 70. மொத்தம் 400 வாட். 650 வாட் கோல்டு தாராளம். பின்னாடி 250 வாட் இழுக்கும் 5070 போடும் எண்ணம் இருந்தால் 750. கடைப் பட்டியலில் இருந்த 850 தேவையில்லை.

கவனம் இங்கேதான் வேணும். பழைய பவர் சப்ளையின் மாடுலர் கேபிள்கள் கேஸுக்குள் அழகா கட்டியிருக்குன்னு புது யூனிட்டில் செருகிடாதீங்க. போர்டு பக்கத்து முனைக்குத்தான் பொது விதி. யூனிட் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் வேறு. செருகி நல்லாப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் எஸ்எஸ்டி போயிடும். சுவரில் செருகும் மூணு முள் கேபிள் மட்டும் பழையதே ஓடும்.

குளிர்காற்று:

ஏர்கான் இல்லாத அறைன்னு எழுதியிருக்கீங்க, அதை யாரும் தொடலையே. வெளிநாட்டு ரிவ்யூக்களில் வரும் வெப்ப அளவு எல்லாம் பொதுவா 21, 22 டிகிரி அறையில் எடுத்தது. இங்கே மதியம் அறை 31. கூலர் எதுவா இருந்தாலும் அறை வெப்பத்துக்கு மேலேதான் கணக்கு தொடங்கும். அங்கே 78 காட்டியது உங்க வீட்டில் 87, 88 ஆகும். சிபியு 105 வரை தாங்கும் என்பதால் கெட்டுப்போகாது, ஆனால் ஃபேன் இரைச்சலில் ஆடியோ கேட்டுச் சரிபார்க்க முடியாது.

245கே-உடன் கூலர் வராது. 120 மிமீ ஃபேன் ரெண்டு உள்ள டவர் கூலர் போதும், தண்ணீர்க் குளிர்விப்பு வேண்டாம். முந்தைய இன்டெல் சாக்கெட்டான எல்ஜிஏ1700-க்கான பிராக்கெட், 245கே உட்காரும் எல்ஜிஏ1851-க்கும் பொருந்தும். இத்தகைய கூலர் உயரம் 155 முதல் 160 மிமீ வரை வரும், கேஸ் எவ்வளவு உயரம் ஏற்கும்னு பார்த்து வாங்குங்க. முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலையா இருக்கும் கேஸ், முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ள.

ரெனோவேஷன் பண்ணும்போது தச்சரிடம் சொல்லிச் செய்த மேசை என்றால், டெஸ்க்டாப் கேஸ் வைக்க ஒரு கதவு போட்ட பெட்டி இருக்கும். அந்தக் கதவைக் கழட்டிடுங்க, பின்பலகையிலும் ஓட்டை போடச் சொல்லுங்க. நல்ல கேஸ் வாங்கி அதற்குள் பூட்டி வைத்தால் வெளியே போன சூடே திரும்ப உள்ளே வரும்.

யீஷூன்வாசி:

சேர்த்தாச்சு. 245கே, பி860, 24 ஜிபி ரெண்டு, 3060, 650 வாட். முதல் முறை சுவிட்ச் போட்டதும் மூணு நிமிஷம் திரை கறுப்பாவே இருந்தது, அப்புறம் வந்தது. ஆனால் ரிசால்வில் இன்னும் திக்குது! டாஸ்க் மேனேஜரில் 3060 மட்டும்தான் தெரியுது.

மின்தடம்:

கறுப்புத் திரைக்குக் காரணம் ரேம் டிரெயினிங், போர்டு ரேமைச் சோதித்துத் தன்னை அதற்கு ஏற்றபடி அமைச்சுக்குறது. முதல் தடவையும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் வரும், நடுவில் சுவிட்சை அணைக்காமல் விட்டது நல்லது.

தனிக் கார்டு இருப்பதைப் பார்த்து போர்டு உள் கிராஃபிக்ஸை அணைச்சிடுச்சு. பயாஸில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்று இருக்கும், சில போர்டில் ‘இன்டர்னல் கிராஃபிக்ஸ்’. அதை எனேபிள் பண்ணுங்க. அங்கே இருக்கும்போதே எக்ஸ்எம்பியையும் (ரேமின் முழு வேகத்துக்கான அமைப்பு) போட்டுடுங்க, இல்லைன்னா ரேம் அடிப்படை வேகத்திலேயே ஓடும். விண்டோஸில் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டு ரீஸ்டார்ட். பிறகு ரிசால்வ் பிரிஃபரன்ஸில் டிகோட் ஆப்ஷன்ஸ் போய் எச்.265 வரியில் இன்டெல் குயிக் சிங்கை டிக் பண்ணி ரிசால்வை மூடித் திறங்க. மானிட்டர் கேபிள் 3060-இலேயே இருக்கட்டும், போர்டுக்கு மாத்தாதீங்க.

யீஷூன்வாசி:

இப்போ ரெண்டு ஜிபியு தெரியுது. இன்டெல்லில் வீடியோ டிகோட் 60 சதவீதம் பக்கம், சிபியு 20-ஐத் தாண்டலை. மூணு கேமராவும் நிக்காமல் ஓடுது. ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். மேசைக் கதவையும் கழட்டிட்டேன்.